உச்சியில் போட்ட திருநீறு

“ஹலோ... ஆமா டீச்சர், லோஷினி அம்மா ஷர்மினிதான்... ஏன், பிள்ளைக்குக் காய்ச்சலா?... பின்ன?... தலையில பேனா! இருக்காது டீச்சர்.”

மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் தொழிற்சாலை பஸ் அரை மணி நேரமாக அசையவில்லை. பக்கத்து இருக்கையில், கூட வேலை செய்யும் கிருஷ்ணம்மா தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தார். ஷர்மினி குரலைத் தாழ்த்தினாள்.

“சொறியுறாளா?... வேர்வையா இருக்கும்... வெள்ளையாவா? ஐயோ அலமாக், அது திருநீறு லா! தினம் குளிப்பாட்டி உச்சியில போட்டுவிடுறேன், உதிர்ந்து முடியில நிக்கும்... ஆமா... ஆமா... காதுக்குப் பின்னாலயா? பிடரியிலயுமா?... தட்டிப் பாத்தீங்களா?... நகத்தால இழுத்தாலும் வரலயா?”

காதுக்குப் பின்னால் அவள் என்றைக்குத் திருநீறு போட்டாள்?

“சரி, சரி, ஈருதான்... என்ன, தனியா உக்கார வச்சிருக்கீங்களா? யாரு போட்ட சட்டம் டீச்சர் அது?... ம்...”

அவள் போட்ட சட்டம்தான். போன வாரம் பாலர் பள்ளியில் லோஷினியோடு படிக்கும் ஆட்ரியின் தலையில் ஈர் இருந்ததைப் பார்த்துவிட்டு, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வரிந்துகட்டிக்கொண்டு எழுதியிருந்தாள். பேன் உள்ள பிள்ளையைத் தனியாக உட்கார வையுங்கள், உடனே வீட்டுக்கு அனுப்புங்கள், பெயரைக் குழுவில் போடுங்கள். எல்லாரும் சரி என்றார்கள்.

“பேரை மட்டும் போட்டுறாதீங்க டீச்சர்... இப்ப நான் எப்படி வந்து கூட்டிட்டுப் போறது? பாலத்துல மாட்டிக்கிட்டேன், இறங்க விடமாட்டாங்க... அவங்க அப்பா வேலையில போன் தொட முடியாது... அழுவுறாளா?”

அவள் உச்சந்தலையிலும் ஏதோ ஊர்ந்தது. சொறிந்தால் கிருஷ்ணம்மா பார்த்துவிடுவார். கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

“தனியா இல்லையா?... யாரு கூட?... யாரு?... ஆட்ரியா?... போன வாரம் அவளை உக்கார வச்ச அதே மூலையா?... அவளாவே போயி உக்காந்தாளா?”

ஷர்மினிக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இருந்த மனசு தனக்கு இல்லாமல் போனதே என்று இருந்தது.

“அவகிட்ட போனைக் குடுங்க டீச்சர்... ஹலோ, ஆட்ரிம்மா... ஆன்ட்டிதான்... ம்... ம்... பேன் மருந்து எரியாதுன்னு அவகிட்ட சொன்னியா?... நீ வந்து... ஆன்ட்டி உன்னை...”

பஸ் நகர்ந்தது. பாலத்தின் பாதியைத் தாண்டியதும் மலேசிய லைன் போய்விட்டது.

“ஹலோ?... ஹலோ?... மன்னிச்சிக்கம்மா.”

போன் செத்துக் கிடந்தது. ஷர்மினி கிருஷ்ணம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

தள்ளி உட்கார இடம் இல்லை.