ஆறு மணி நேரக் கறுப்பு

கல்யாண வீடியோ எடிட் செய்பவன் விண்டோஸ் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கில் படத்தை ஏற்றவே கூடாது சார். திருநகரில் என் ஸ்டூடியோவில் எண்பது ஜிபி டிஸ்க் ஒன்றைப் படத்துக்கென்றே ஃபார்மட் செய்து வைத்திருந்தேன். ஃபார்மட்டைத் தப்பாகப் போட்டால் பத்தொன்பதாவது நிமிடத்தில் படம் ஏறுவது நின்றுவிடும். மதுரையில் பாதி ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்தச் சங்கதியே தெரியாது, கேட்டால் டிஸ்க் மேல் பழியைப் போடுவார்கள். நான் அந்த ரகம் இல்லை.

2004 ஆவணியில் அஸ்வினி கல்யாணம், திருமங்கலத்தில். விளாங்குடியில் கட்டிக்கொடுத்தார்கள். கார்த்திகையில் இறந்துபோனாள். ஸ்டவ் வெடித்தது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். காரியமெல்லாம் முடிந்தபிறகு அவள் அம்மா முத்துத்தாய் என்னிடம் வந்தார்.

"ஹரிஷ் தம்பி, மூணு சிடியும் போட்டுப் பாத்துட்டேன். அம்புட்டும் பாட்டாத்தான் ஓடுது. எம்புள்ள பேசுனது ஒரு எடத்துலயும் இல்ல. நீங்க எடுத்ததுல எங்கயாச்சும் இருக்கும்ல?"

கல்யாண சிடியில் நாங்கள் பேச்சை வைப்பதில்லை சார், முழுக்கச் சினிமாப் பாட்டுதான். கேசட்டுகளில் அதற்குள் வேறு கல்யாணங்களை எடுத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் ஏதோ திருத்தம் சொல்லி இழுத்தடித்ததால் டிஸ்க்கில் மட்டும் மூலப்படம் மிச்சமிருந்தது. தேடிப் பார்க்கிறேன், செவ்வாய்க்கிழமை வாங்கம்மா என்றேன்.

தேட வேண்டியதே இல்லை. அவள் பேசியது ஒரே ஓர் இடத்தில்தான். முகத்தைத் தனியாக எடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அக்காக்களை மணப்பெண் அறையிலிருந்து வெளியே அனுப்பியிருந்தேன். கதவு சாத்தியதும் அவள் கேமராவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, எங்கம்மாட்ட சொல்லுங்க, எனக்கு இது வேணாம். நேத்து போன்ல அவரு என்னயக் கொன்னு..."

"சிரிம்மா, மை கலையுது பாரு" என்றேன்.

முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. வெளியே முத்துத்தாய் எல்லாருக்கும் சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தார். அவரையும் எடுத்தேன், நன்றாக வந்தது. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் பெண்கள் அழுவது புதிதா என்ன.

ஃபார்மட் செய்தால் எல்லாம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. பட்டியல்தான் போகும், படம் உள்ளேயே கிடக்கும், விவரம் தெரிந்தவன் தோண்டி எடுத்துவிடுவான். அதனால் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஃபார்மட் செய்துவிட்டு, கேமரா லென்ஸை மூடி, டிஸ்க் நிரம்பும்வரை அதன் மேலேயே வெறும் கறுப்பை ஏற்றினேன். மூன்று மணியாயிற்று. அன்றைக்கு என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மேசைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஏழு டீ குடித்தேன். தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அந்த அம்மாதான் ஒரு நாள் முன்னாடியே வந்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை அவரிடம் டிஸ்க் கெட்டுப்போச்சு என்றேன். சேலைத் தலைப்பைச் சுருட்டியபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"விடுங்க தம்பி, நீங்க என்ன செய்வீங்க. வாரேன்" என்று கிளம்பினார்.

இப்போது சாட்சி இல்லாமல் அஸ்வினி வழக்கு நிற்காது என்கிறீர்கள் வக்கீல் சார். என் குரலை மட்டும் வெட்டிவிட்டு அவள் பேச்சைக் கொடுத்திருக்கலாமே என்றும் கேட்கிறீர்கள். அது எனக்குத் தோன்றாமலா இருக்கும் சார், என் தொழிலே அதுதானே. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைத்தான் செய்துபார்த்தேன். அவள் முடிக்கும் முன்பே நான் பேசியிருக்கிறேன். அவளுடைய 'கொன்னு' மேலேயே என் 'சிரிம்மா' விழுந்திருக்கிறது. பிரிக்க வரவில்லை. பிரிந்து வந்திருந்தால் சத்தியமாகக் கொடுத்திருப்பேன்.