சிலுவை தெரிகிறதா?

மழைக்காலத்தில் எனக்குச் சீக்கிரமே விழிப்பு வந்துவிடும். எழுந்ததும் வாசலில் நின்று மலையைப் பார்ப்பேன். உச்சியில் எங்கள் சபையார் நட்ட சிலுவை இருக்கிறது. ஈஸ்டருக்கு முன் அதற்கு வெள்ளையடிப்பவன் நான்தான்.

உத்திரமேரூர்ப் பக்கம் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி வந்தபிறகு, இந்தப் பார்வையே ஒரு வேலையாகிவிட்டது. என் மகள் சுகிர்தா அங்கே ஆபீசில் இருக்கிறாள். முதல் விமானம் கிளம்புமுன் எனக்கு போன் செய்வாள். "நைனா, சிலுவ தெரியுதா?" தெரிந்தால் மலைப் பக்கம் பறப்பார்கள். மேகம் மூடியிருந்தால் இல்லை என்பேன், அந்தப் பக்கம் போகமாட்டார்கள். என் வார்த்தையை யாரும் சரிபார்த்ததில்லை.

வினோத்குமார் அங்கே கற்றுக்கொடுப்பவன். நல்ல பையன், அதை நான் மறுக்கவில்லை. என் வீட்டில் தரையில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, சுகிர்தாவைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னான். அவனுக்குத் துபாயில் வேலை கிடைத்திருந்தது.

"நீயும் வந்துடு நைனா, அங்க தனி வூடு தராங்களாம்" என்றாள் அவள்.

"நான் அங்க வந்து இன்னா பண்ணப்போறேன்?" என்றேன்.

அவள் மறுபடி வாவென்று கூப்பிடவில்லை. அதுதான் மனசை அறுத்தது. அவள் அம்மா மார்த்தாள் செத்தபிறகு, தலை பின்னிவிடக்கூட நான் கற்றுக்கொண்டவன்.

அன்று மலையே இல்லை. மேகம் எங்கள் வேப்பமரம் வரை இறங்கியிருந்தது. ஓடுதளத்தில் வெயில் அடிக்கிறது, வினோத்தான் முதலில் போகிறார் என்றாள் சுகிர்தா போனில்.

"பளிச்சுனு தெரியுது கண்ணு" என்றேன்.

சத்தம் கேட்டபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் ஒன்றுமில்லை. தேடிப் போனவர்களுக்கு வழி காட்டியதும் நான்தான். அவனோடு ஒரு பயிற்சி மாணவியும் இருந்தது எனக்கு முன்னால் தெரியாது. அது வருத்தந்தான்.

விசாரணையில் சுகிர்தா வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள். "நைனா தெரியலன்னுதான் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றாளாம். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது. அவளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் நானே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். அவனைக் கொல்ல நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவள் போகாமலிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஐயா. வாராவாரம் என்னைப் பார்க்க வருவாள். இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?