மாத்திரை விசாரணை

— மெதுவாப் பேசுமா. திரைக்கு அந்தப் பக்கம் ஆள் படுத்திருக்கு.

— படுத்திருக்கட்டும். உங்க பவிசு இந்த வார்டு முழுக்கத் தெரிஞ்சாச்சு. பேக்கரி மாஸ்டர் ஏப்ரனோடயே வந்து ஸ்ட்ரெச்சர்ல ஏறினா, என்ன ஏதுன்னு எட்டிப் பார்க்க மாட்டாங்களா?

— மானத்தை மறைக்க அது ஒண்ணுதானே இருந்துச்சு.

— நேத்து காலையிலேருந்து அதைக் கழட்டவே இல்ல. சாப்பிடறப்ப ஏப்ரன், படுக்கறப்ப ஏப்ரன். நானும் ஒரு பைத்தியக்காரி, மனுஷனுக்குத் தொழில் மேல இவ்வளவு பக்தியான்னு நினைச்சேன்.

— வலியில உயிர் போச்சு. உன்கிட்ட எந்த வாயால சொல்றது?

— அதான் நேத்திலேருந்து விறைச்சு நின்னதை டாக்டரம்மா ஊசி குத்தி ரத்தத்தை எடுத்து இறக்கிட்டாங்களே. இப்பவாவது வாயைத் திறங்க. என்ன மாத்திரை போட்டீங்க?

— தலைவலி மாத்திரைகூடப் போடலமா.

— என் காதுல பூ சுத்தாதீங்க. ஐம்பத்தி மூணு வயசுல மாத்திரை இல்லாம இப்படி ஆகுமா?

— எனக்கு மட்டும் என்ன தெரியும்? சத்தியமா போடல.

— சத்தியமாவா? அப்ப பெல்ட்டுல ஆணியடிச்சுப் புது ஓட்டை போட்டீங்களே, அது யாருக்காக? திடீர்னு இளந்தாரி இடுப்பு! போன வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தீங்க.

— எலும்பு தெரியுதேன்னு பார்த்தேன்.

— வீட்டுல ரெண்டு வாய்தான். அதுக்குள்ள வயிறு நிறைஞ்சிடுதாம். வெளியில எவளோ ஆக்கிப் போடறா. ராத்திரி ஆனா தொப்பலா வேர்த்து, எழுந்து சட்டை மாத்தறீங்க. மனசுல குத்தம் இல்லாதவனுக்கு ஏன் வேர்க்குது?

— நாள் முழுக்க அடுப்புகிட்ட நிக்கிறவனுக்கு வேர்க்காதா?

— அடுப்பு பேக்கரியில இருக்கு. கட்டில் வீட்டுல இருக்கு.

— நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்.

— உண்மையைச் சொன்னா இங்கயே விட்டுடறேன். பிள்ளைங்க காதுக்குப் போகாது. இல்லேன்னா கடைச் சாவியை உங்க தலைமாட்டுல வச்சுட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போய்க்கிட்டே இருப்பேன்.

— சரி. போட்டேன்.

— போட்டீங்களா!

— போட்டேன்னு சொல்றேன்ல.

— என்ன கலரு?

— கலரா... பன் கலர்.

— எவளுக்காக?

— உனக்காகத்தான்.

— எனக்காகவா?

— வேற யாரு இருக்கா எனக்கு? நீதான் மாசக்கணக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தே.

— வெக்கமா இல்ல? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல... தலையைத் தூக்குங்க, தலையணை நழுவுது. தண்ணி குடிக்கிறீங்களா?

— திரையைத் தள்ளிக்கறேன் சார். ரத்த ரிப்போர்ட் வந்தாச்சு.

— வாங்க டாக்டர். இவர் ஒத்துக்கிட்டார். மாத்திரைதான். இனிமே தொட மாட்டார், நான் பொறுப்பு.

— மாத்திரையா? சார், என்கிட்ட இல்லேன்னு அடிச்சுச் சொன்னீங்களே?

— இவகிட்ட சும்மா ஒத்துக்கிட்டேன் டாக்டர். வீட்டுல நிம்மதி வேணுமே.

— அதானே பார்த்தேன். நீங்க சொல்லுங்கம்மா, சார் சமீபத்துல இளைச்சாரா?

— பெல்ட்டுல... புது ஓட்டை போட்டார்.

— கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சிடுதுன்னு சொல்றாரா?

— ரெண்டு வாய்தான் டாக்டர்.

— ராத்திரியில வேர்வை?

— சட்டை மாத்துவார். ஏன் டாக்டர், இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— உட்காருங்கம்மா. இவர் ரத்தத்துல வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமா இருக்கு. அது அடைச்சுக்கிட்டதாலதான் ரத்தம் அங்கயே நின்னுபோச்சு. மண்ணீரலும் வீங்கியிருக்கு, அதான் சாப்பாடு இறங்கல. இன்னும் ஒரு டெஸ்ட் எடுக்கணும், ஆனா ரத்தப் புற்றுநோயா இருக்கும்னுதான் நினைக்கிறோம். மருந்து இருக்கு. உடனே ஆரம்பிக்கணும்.

— பார்த்தியா? போடலேன்னு சொன்னேன்ல. இப்பவாவது நம்பறியா?

— நீங்க சும்மா இருங்க. டாக்டர், இவர் பொய் சொல்றார். போட்டார். எனக்காக இல்ல, எவளுக்காகவோதான் போட்டார். அப்படியே எழுதிக்குங்க டாக்டர்.