அழித்துவிட்டுப் படைப்பது

வேலூர் பஸ்ஸில் மூவர் இருக்கையின் நடைவழி ஓரத்தில் நான். பக்கத்தில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வேலையாட்கள் இருவர். ஒருவன், சுடுகாட்டில் காளியை வழிபடும் வாமமார்க்கத்தில் தீட்சை வாங்க, பாலாற்றுச் சுடுகாட்டில் காத்திருக்கும் சாமியாரிடம் போய்க்கொண்டிருந்தான்.

"பொண்டாட்டி, புள்ள பந்தம் எல்லாத்தையும் அறுத்துட்டு வரச் சொல்ட்டாரு, சலீமு. காளி அழிச்சாதான் புதுசா படைப்பா. சுண்ணாம்புல ஊறி மயிர் போவாம தோல் பதமாவுமா?"

"தோல் ஆவும். செத்த மாடு எழுந்து வருமா?"

"பழைய நான் அழிஞ்சா, நானே சாமிடா."

"உலகத்த அழிக்கிறது அல்லா வேல. அவனே பொறுமையா கீறான், உனக்கு இன்னாடா அவசரம்? உன் பாப்பா துன்னாம ஒக்காந்துருக்கும், ஊட்டுக்குப் போடா."

சுடுகாட்டு நிறுத்தத்தில் அவன் எழுந்தான். சலீம் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவரே, வழி உடாதீங்க!" என்று என்னிடம் கெஞ்சினான்.

நான் காலை ஒதுக்கி வழிவிட்டேன்.