கார்புரேட்டர் மேல பழி

இல்ல தம்பி, கோளாறு ஃப்ளோட்டுலயும் இல்ல. காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்தீங்கல்ல? ஓட்டையாகி உள்ள பெட்ரோல் போயிருந்தா களக் களக்னு சத்தம் கேக்கும். கேக்கல. நானும் இவ்வளவு பக்கத்துல உக்காந்திருக்கேன், எனக்கும் கேக்கல. வைங்க. கீழ வேணாம், அந்தத் தட்டுலயே வைங்க. போன தடவ ஒரு சின்ன வாஷர் உருண்டு போயி, நீங்களும் நானும் பெஞ்சுக்கு அடியில தவழ்ந்தது போதும். வெளிய நின்ன ஆளு நாம என்னமோ சண்ட போடறோம்னு எட்டிப் பாத்துட்டுப் போனாரு.

வேர்த்திருக்கா? ஆமா, தள்ளிக்கிட்டு வந்தேன்ல. அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல, நிதானமா பாருங்க. கடைய உங்கக்கா பாத்துக்கறா. ரெண்டு சட்டைக்குப் பட்டன் கட்டணும், அவ்வளவுதான். அதுக்கு ஒரு டெய்லரு எதுக்கு?

மறுபடி மொதல்லேருந்து சொல்றேன், கேளுங்க. சொன்னாதான் எனக்கும் புரியும். ஒரே உதை, வண்டி ஸ்டார்ட்டு. அந்த வயசுல ஒரே உதையில எழுந்திரிக்குது பாருங்க, என்னை எழுப்ப எத்தன உதை வேணும்னு உங்கக்காவக் கேளுங்க. நின்ன எடத்துல குடுகுடுன்னு நல்லாத்தான் ஓடும். கியர் போட்டு ஆக்ஸிலேட்டர முறுக்கினா போச்சு. மூச்சு முட்டுது. இருமுது. பின்னால கறுப்பா பொக. தெருமுனை தாண்டறதுக்குள்ள அடங்கிடுது. ப்ளக்கக் கழட்டினா மை பூசின மாதிரி கறுப்பு. அப்போ என்ன அர்த்தம்? பெட்ரோல் அதிகம், காத்து கம்மி. இதுல குழப்பமே இல்ல.

பெட்ரோல் ஏன் அதிகமாகுது? சோக் சரியா மூடலயோன்னு பாத்தோம், மூடுது. நீடில் வால்வு கசியுதோன்னு டியூப வாயில வச்சு ஊதிப் பாத்தீங்க, கசியல. ஜெட்டு தேஞ்சு ஓட்ட பெருசாயிடுச்சோன்னு புதுசு போட்டீங்க. அதே இருமல். கடைசியில உங்க வண்டி கார்புரேட்டரயே கழட்டி இதுல மாட்டினீங்க. நல்லா இருந்த கார்புரேட்டரு, என் வண்டியில ஏறினதும் அதுக்கும் சளி பிடிச்சிடுச்சு. திரும்ப உங்க வண்டியில மாட்டினா பாட்டுப் பாடுது. 

போன் அடிக்குது பாருங்க. எடுங்க, பரவால்ல. இங்கயே பேசலாமே, எதுக்கு வெளிய?

...யாரு, கஸ்டமரா? சரி, சரி. இல்ல, கஸ்டமர்கிட்ட சரிங்கக்கா, ஆகட்டுங்கக்கான்னு அவ்வளவு பயபக்தியா பேசினீங்களே, அதான் கேட்டேன். 

எங்க விட்டேன்? ஆங், சளி. அங்கதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. வண்டி மேல இல்ல தம்பி. உங்க மேல.

கோவிச்சுக்காதீங்க. ஒரு வண்டி இருமிக்கிட்டு உள்ள வந்தா நீங்க மொதல்ல எதுல கை வைப்பீங்க? ஏர் ஃபில்டர் டப்பாவுல. எத்தன தடவ பாத்திருக்கேன். பேப்பர் போடறவரு வண்டியில எலி குடும்பம் நடத்தினதக் கண்டுபிடிச்சது யாரு? நீங்கதான? என் வண்டிக்கு வந்தா மட்டும் அந்தப் பக்கமே போக மாட்டேங்கறீங்க. கண்ணுல தெரியாத ஓட்டையெல்லாம் கம்பி விட்டுக் குத்தறீங்க, கைக்கு எட்டற டப்பாவத் தொறக்கல. போன தடவ நானே கைய நீட்டினேன். அத நான் பாத்தாச்சுண்ணேன்னு குறுக்க வந்து நின்னீங்க. பாத்த ஆளு கையில அவ்வளவு கரி, டப்பா மேல ஒரு விரல் அடையாளம்கூட இல்ல.

ஸ்பேனரக் கீழ வச்சுட்டு உக்காருங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

இன்னிக்குக் காலையில உங்கக்கா பால் வாங்கப் போன நேரத்துல நானே தொறந்து பாத்துட்டேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் காட்டறேன். இதோ, சட்டைப் பையிலதான் இருக்கு. துணி. நம்ம கடைத் துணிதான், கோட்டுக்கு உள்ள வைக்கிற லைனிங்ல வெட்டினது போக மிச்சம். காத்து நுழையற வாய்க்குன்னு அளவெடுத்து வெட்டியிருக்கா. ஓரத்தப் பாருங்க தம்பி. சுத்திலும் மடிச்சு கைத்தையல் போட்டிருக்கா. ஏன்? பிசிறு பிரிஞ்சு ஒரு நூலு இன்ஜினுக்குள்ள போயிடக் கூடாதாம். வண்டி ஓடக் கூடாது, ஆனா வண்டிக்கு ஒண்ணும் ஆகிடவும் கூடாது. யாரு தையல்னு எனக்குத் தெரியாதா? நான் போட்டிருக்கற சட்டையில காலர் பூரா இதே தையல்தான்.

இந்த வித்தையெல்லாம் அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்ததுன்னு யோசிச்சுப் பாத்தேன். நான்தான். ஞாயித்துக்கிழமையானா வாசல்ல கார்புரேட்டரப் பிரிச்சுப் போட்டுட்டு, அவகிட்ட டார்ச்சக் குடுத்துப் பிடிக்கச் சொல்லிட்டு, பாடம் நடத்துவேன். எவ்வளவு பெட்ரோல் ஊத்தினாலும் காத்து இல்லன்னா ஒண்ணும் இல்லம்மான்னு. அவ கொட்டாவி விட்டுக்கிட்டே டார்ச்ச ஆட்டுவா. கவனிக்கலன்னு நெனச்சுத் திட்டியிருக்கேன்.

உங்ககிட்ட என்ன காரணம் சொன்னா? ஒண்ணும் சொல்லலயா? தொறக்காதீங்கன்னு மட்டும்தானா? நீங்களும் கேக்கல. சரி, அப்ப நான் சொல்லித்தான் ஆகணும்.

பேக்கரி வளைவுல விழுந்தேன்ல, இந்தா நெத்தியில, இந்தத் தழும்பு. வீட்டுல என்ன சொன்னேன்? கார்புரேட்டர் அடச்சுக்கிச்சு, வண்டி ஆஃப் ஆயி பேலன்ஸ் போச்சுன்னு. அவ ‘ஓ’ன்னு மட்டும் சொன்னா. அவ்வளவுதான். உங்ககிட்டயும் அதேதான் சொன்னேன். நீங்களும் நம்பி ஜெட்டெல்லாம் கழட்டி ஊதிக் குடுத்தீங்க. ஒரு தூசி இருந்துச்சா? எப்படி இருக்கும். நேத்து ரொட்டி வாங்கப் போனப்ப பேக்கரிக்காரரு சொல்றாரு, அன்னிக்கு வண்டி ரோட்டுல படுத்துக்கிட்டே ஓடிக்கிட்டு இருந்துச்சாம். சக்கரம் சுத்துதாம். அவர்தான் சாவியத் திருப்பி அணைச்சாராம். வீட்டம்மாகிட்ட அன்னிக்கே சொன்னேனேங்கறாரு.

ஆஃப் ஆனது வண்டி இல்ல தம்பி.

கண்ணு இருட்டிடுச்சு. அது மொத தடவையும் இல்ல. அதுக்கு முன்னால கடையில ஒரு தடவ, கையில கத்திரியோட. அப்ப ஸ்டூல் ஆடுதுன்னு சொன்னேன். அவ ஸ்டூலுக்கு ஆணி அடிச்சா. வண்டிக்கு வயசாச்சு, ஸ்டூலுக்கு வயசாச்சுன்னு சொல்ல மட்டும் வாய் டக்குன்னு வருது. பயமா, வெக்கமா, என்ன எழவுன்னு எனக்கே தெரியல. 

அவ சண்ட போட்டிருக்கலாம். நானும் கத்திட்டுக் கிளம்பிப் போயிருப்பேன். சாவிய ஒளிச்சிருக்கலாம், இன்னொண்ணு போட்டிருப்பேன். அது அவளுக்குத் தெரியும். நான் கோளாறு கார்புரேட்டர்லன்னு சொன்னேனா, சரி, அங்கயே இருக்கட்டும்னு ஒரு கோளாறத் தச்சு வச்சுட்டா.

இதைக் கையில எடுத்துட்டு காலையில ஒரு உதை விட்டேன் பாருங்க. முறுக்கினா சும்மா சீறுது! இருமலும் இல்ல, பொகயும் இல்ல. அப்படியே ஒரு சுத்து போயிட்டு வந்துடலாமான்னு கை அரிச்சுது. தெருமுனை வரைக்கும் போனேன். அங்கயே அணைச்சுட்டேன். அதான் சொன்னேன்ல, தள்ளிக்கிட்டு வந்தேன்னு.

இந்தாங்க. எல்லாத்தையும் மாட்டிட்டு, இதையும் இருந்த மாதிரியே உள்ள வச்சு மூடிடுங்க. இப்படி இல்ல, தையல் பக்கம் வெளிய தெரியணும். ஏதாவது சாக்கு வச்சுக்கிட்டு அவ இங்க வருவா, தொறந்து பாப்பா. மாத்தி வச்சிருந்தா கண்டுபிடிச்சிடுவா. போன் பண்ணினா, பார்ட்டு வெளியூர்லேருந்து வரணும், நாளாகும்னு சொல்லுங்க. உங்களுக்குத்தான் அது நல்லா வருதே, என்கிட்டயே எவ்வளவு அழகா சொன்னீங்க.

வண்டி இங்கயே நிக்கட்டும். மேல எதையாவது போத்தி வைங்க.

கிளம்பறேன். இல்ல, கடைக்கு இல்ல. பெரியாஸ்பத்திரிக்கு இங்கேருந்து எந்த பஸ்ஸு தம்பி? எப்பவும் வண்டியிலயே சுத்திட்டு, ஒரு பஸ்ஸு நம்பர்கூடத் தெரிய மாட்டேங்குது.