பல்லைக் கடித்துப் பாடிய பாட்டு

அவையை நடத்தும் தலைவர் அவர்களே! அருகமர்ந்து அன்பு பொழியும் போதகர் ஐயா அவர்களே! ஆலோசனை சொல்லிச் சொல்லியே அரை உயிரான சபை மூப்பர்களே! பெற்ற பிள்ளைகளோடு கட்டிய கணவரையும் சேர்த்து வளர்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! சுருதி சேர்ந்தாலும் சேராவிட்டாலும் சோர்வறியாத பாடற்குழுவினரே! இப்போதே கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்ட இளைஞர்களே! அனைவருக்கும் என் அன்பின் தோத்திரம்!

"அன்றாட வாழ்வில் விசுவாசம்" என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். எங்கே இருக்கிறது அந்த விசுவாசம்? வெளுத்த உடையிலா? வேதம் ஏந்திய கையிலா? விண்ணதிரக் கைதட்டும் வேகத்திலா? இல்லை அன்பர்களே, நான் அதைப் பார்த்தது ஒரு பழைய பயிற்சிக் காரின் முன் இருக்கையில்!

என் தங்கையின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். முதல் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே, அவரேதான். நிமிருங்கள் மாப்பிள்ளை, உங்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதானே பேசுகிறேன்! அவருக்கு ஊரார் வைத்த பெயர் "ஹாரன்". காரில் ஹாரன் பழுதானபோது, கண்ணாடியை இறக்கிவிட்டுத் தானே கத்தி வழி வாங்கியவர். அவரிடம் படித்தவர்களுக்குக் கார் ஓட்ட வந்ததோ இல்லையோ, கண்ணீர் வந்தது!

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னார்: "கர்த்தர் என் கோபத்தை வேரோட பிடுங்கிப் போட்டுட்டாரு!" சபையே ஆர்ப்பரித்தது. என் தங்கை மட்டும் இருமினாள்.

மறுநாள் காலை பயிற்சிப் பள்ளி வாசலில் வந்து நின்றவர் யார் தெரியுமா? நம் போதகரம்மா!

"உங்க சாட்சியைக் கேட்டதும் முடிவு பண்ணிட்டேன் தம்பி. ஐயாவுக்குக் கண்பார்வை மங்கிட்டே வருது. ஆனா நோயாளிங்களைப் பார்க்கப் போறதை விடமாட்டேங்கிறாரு. இனிமே நான்தான் வண்டி ஓட்டணும். கோபப்படாத வாத்தியாரு நீங்க ஒருத்தர்தானே?"

மறுக்க முடியுமா? சாட்சி சொன்ன வாயின் ஈரம் இன்னும் காயவில்லையே!

அம்மா ஓட்டினார்கள். கிளட்ச் என்றால் பிரேக்கை மிதித்தார்கள். பிரேக் என்றால் கண்ணை மூடி ஜெபித்தார்கள்.

"அம்மா, கண்ணைத் திறந்துக்கிட்டே ஜெபம் பண்ணலாம்மா! ஆண்டவர் தப்பா எடுத்துக்க மாட்டாரு!"

சாலைச் சந்திப்பு வந்தால் லாரிக்கு வழி, சைக்கிளுக்கு வழி, நாய்க்கும் வழி. "போகட்டும் தம்பி, பாவம், அதுக்கு என்ன அவசரமோ!"

மாப்பிள்ளைக்கு உள்ளே எரிமலை. கத்தினால் சாட்சி போச்சு. கத்தாவிட்டால் உயிர் போச்சு! என்ன செய்தார்? பாடினார் ஐயா, கீர்த்தனை பாடினார்! கோபம் ஏற ஏறச் சுருதியும் ஏறியது. அம்மாவும் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டபடி கூடவே பாடினார்கள். என்ன? பாடற்குழுவில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்களா? வேண்டாம், தாங்க மாட்டீர்கள்!

ஒருநாள் ரவுண்டானா வந்தது. வெளியே திரும்பத் தைரியமில்லாமல் அம்மா சுற்றினார்கள், சுற்றினார்கள், சுற்றிக்கொண்டே இருந்தார்கள். வேதத்தில் சுற்றிவந்தே வீழ்த்திய எரிகோவின் மதிலாக இருந்தால் என்றைக்கோ விழுந்திருக்கும்! கடைசியில் வண்டிதான் நின்றது. பின்னால் வந்த ரொட்டி வேனிலிருந்து ஓட்டுநர் குதித்தார்.

"யோவ்! கிழவிக்கெல்லாம் எதுக்குய்யா வண்டி? வீட்ல உட்காரச் சொல்லு!"

அம்மாவின் கண் நிறைந்தது.

கதவைத் திறந்து இறங்கினார் மாப்பிள்ளை. வாரக்கணக்கில் அடைத்துவைத்த கோபம். அதற்கு இதோ ஒரு நியாயமான காரணம்! நெஞ்சை நிமிர்த்தினார். மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார். வசையா வந்தது? பழகிய வாய் பாட்டைத்தான் கொட்டியது! நடுச்சாலையில், முழுக் குரலில், "இரக்கமுள்ள தேவனே, இறங்கி வாருமே!"

வேன்காரர் பின்வாங்கினார். "அண்ணே, உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

மாப்பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து வேன்காரருக்கும் வந்தது. "ரொட்டி சூடு ஆறிட்டா முதலாளி என்னைப் பிடிச்சுக்குவாருண்ணே, அதான்..." என்று இழுத்தவர், அம்மாவின் ஜன்னலோரம் குனிந்தார். "வாய் தவறிப் பேசிட்டேம்மா. நிதானமா எடுங்க, நான் பார்த்துக்கறேன்." அவரே கைகாட்டி மற்ற வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார்.

ஓரமாக நிறுத்தியதும் மாப்பிள்ளை சொன்னார்: "அம்மா, இத்தனை நாளா நான் சந்தோஷத்துல பாடல. கோபத்துல பாடினேன்."

"தெரியும் தம்பி. சந்தோஷத்துல பாடுறவங்க பல்லைக் கடிச்சுக்கிட்டா பாடுவாங்க? நான் மட்டும் என்ன, பயத்துலதான் பாடினேன்!"

அன்பர்களே! கோபமே வராத நெஞ்சா விசுவாசம்? பயமே அறியாத மனமா விசுவாசம்? அப்படியானால் நம்மில் யாருக்கு அது இருக்கிறது? கொதிக்கிற கோபத்தைக் குரல்வளையிலேயே தடுக்கிறானே ஒருவன், அங்கே இருக்கிறது விசுவாசம்! நடுங்குகிற காலால் கிளட்சை மிதிக்கிறாளே ஒருத்தி, அங்கே இருக்கிறது விசுவாசம்! ஞாயிற்றுக்கிழமை சொன்ன சொல்லுக்குத் திங்கட்கிழமை தலைகொடுக்கிறோமே, அங்கே இருக்கிறது, அங்கேதான் இருக்கிறது விசுவாசம்!

அம்மா முதல் தேர்வில் தோற்றார்கள்; அடுத்ததில் வென்றார்கள். போன வாரம் மருத்துவமனையில் படுத்திருந்த ஒரு தாயின் கையைப் போதகர் ஐயா பிடித்து ஜெபித்தார். அந்தத் தாய் கேட்டது ஒன்றுதான்: "கண்ணு தெரியாதுன்னாங்களே, எப்படி ஐயா வந்தீங்க?" ஐயா வாசலைக் காட்டினார். அங்கே கையில் வண்டிச் சாவியோடு அம்மா நின்றுகொண்டிருந்தார்கள்.

இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கு நன்றி. மணியடிக்க மறந்த தலைவருக்கு இருமடங்கு நன்றி! சொன்னதில் குறையிருந்தால் என்னிடம் கொடுங்கள். நிறையிருந்தால் நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வணக்கம்! தோத்திரம்!