மூணாவது சுத்து

— நேத்து ஹோட்டல் மேடையில தலையில கை வச்சது நெசம் சார். இல்லங்கல. அரிச்சுது, வச்சேன். அதுக்கு என் வாசிப்ப ஏன் நிறுத்துனிய?

— டென்சில், முதல்ல காபியைக் குடி. மாட்டுங்கா வரைக்கும் வந்துட்டு, அதை ஆறவிட்டுண்டு சண்டை போடாதே.

— பேச்ச மாத்தாதிய, வெங்கடராமன் சார்.

— மாத்தலை. லாஜிக்கா யோசி. நம்ம குரூப்புல தலையைத் தொட்டா என்ன அர்த்தம்? யார் கொண்டுவந்த சட்டம் அது?

— நாந்தான் கொண்டாந்தேன்.

— அர்த்தத்தைச் சொல்லு.

— நான் என்ன ஸ்கூல் பிள்ளையா? சரி. மொதல்ல நாலு பேரும் சேந்து பாட்ட வாசிக்கணும். அப்புறம் ஒவ்வொரு ஆளும் அவன் கற்பனைக்கு எத்தன சுத்து வேணும்னாலும் வாசிச்சுக்கிடலாம். போதும்னு தோணுச்சுன்னா தலையத் தொடணும். தொட்டா எல்லாரும் பழையபடி பாட்டுக்குத் திரும்பிரணும்.

— தொட்டே. திரும்பினோம். இதுல யார் மேல தப்பு?

— அது டை சார். நரச்ச தலையோட நின்னா ஹோட்டல்காரன் நம்மள சுகர் செக் பண்ண வந்த கூட்டம்னு நெனப்பான்னு ஜோஸ்பின்தான் சொன்னா. தாராவியில நம்ம சலூன்லயே போட்டுக்கிட்டேன். மேடையில லைட்டுச் சூடு பட்டதும் எறும்பு மேயுத மாதிரி ஒரே அரிப்பு.

— சாக்ஸபோனுக்கே ரெண்டு கை வேணும். சொறிய மூணாவது கை எங்கேர்ந்து வந்தது?

— மூச்செடுக்கயில. ஒரு செகண்டு.

— அந்த ஒரு செகண்டுல அம்மார் பாத்துட்டான். ட்ரம்ஸ் வாசிக்கறச்சே அவனுக்கு எல்லாத்து மேலயும் கண்ணு, தாளத்தைத் தவிர. அவன் திரும்பினான், ஜோஸ்பின் பாஸ் கிட்டாரைத் திருப்பினா, நான் மட்டும் என்ன பண்றது?

— சிரிக்காதிய சார். மூணாவது சுத்துலதான் எனக்குச் சூடு பிடிக்கும்னு ஒங்களுக்குத் தெரியும். மொத ரெண்டும் சும்மா கதவத் தட்டுதது. மூணாவதுக்கு மூச்ச இழுத்துட்டு நிக்கேன், மூணு பேரும் பொளேர்னு பாட்டுக்குப் போயிட்டிய. முன்னாடி டேபிள்ல நகுல் உக்காந்திருக்கான். வெள்ளிக்கிழம தோறும் நம்மளக் கூப்பிடவா வேண்டாமான்னு முடிவு பண்ணுதவன்.

— அவன் போனைப் பாத்துண்டிருந்தான். உன் மூணாவது சுத்துல கூரையே விழுந்திருந்தாலும் ஏசி சத்தம்னு நெனச்சிருப்பான்.

— ஒங்களுக்கு வெளையாட்டு. அணுசக்தி நகர்ல ஆபீஸ் பஸ்ஸுல ஏறி எறங்கியே காலத்த ஓட்டிட்டிய, இப்ப பென்ஷன் வருது. டாக்டர் வாக்கிங் போகச் சொன்னாரு, ஒங்களுக்கு முட்டி வலி, அதனால பியானோ.

— அடப்பாவி.

— அம்மாருக்கு குர்லாவுல ட்ரங்குப் பெட்டி பட்டறை. பகல்ல தகரம், ராத்திரி ட்ரம்ஸ், ரெண்டையும் ஒரே மாதிரி அடிக்கான். ஜோஸ்பின் டீச்சரு. சம்மர் லீவு, கிறிஸ்துமஸ் லீவு, போக மிச்சத்துக்கு ஜாஸ். ஊதித்தான் சோறு திங்கணும்ங்கற ஆளு நான் ஒருத்தன்தான் சார்.

— நீ ஊதறது கல்யாண பேண்டுலதானே? தங்கப் பட்டன் வச்ச சிவப்புக் கோட்டும் தலைப்பாகையுமா, மாப்பிள்ளை குதிரைக்கு முன்னாடி.

— ஆமா. அந்தக் குதிர தாளம் தப்பாம நடக்கும். அம்மாருக்கு அது வராது.

— சரி, அது நியாயம்.

— என் பிழைப்பச் சொல்லிச் சிரிக்கிய. போன மாசம் காட்கோபர்ல ஒரு ஊர்வலம். பொண்ணோட மாமன் ரூவா நோட்டை என் சாக்ஸபோன் வாய்க்குள்ள சொருகுதான். உள்ள போயி அடைச்சுக்கிடுச்சு. நானும் ஊதுதேன், சத்தமே வரல. சுத்தி நின்னு எல்லாரும் ஆடுதாங்க. சத்தம் வரலங்கறது ஒருத்தனுக்கும் தெரியல சார். அன்னைக்கு வீட்டுக்கு வந்து எம் பொண்டாட்டி சேசம்மாகிட்ட சொன்னேன், வெள்ளிக்கிழம ஹோட்டல் கெடச்சா இந்தக் கோட்டக் கழட்டி எறிஞ்சிருவேன்னு. மாதா சத்தியமா, நேத்து அந்த மூணாவது சுத்துக்காக ஒரு மாசமா பழகிட்டிருந்தேன்.

— இது தெரியாதுப்பா எனக்கு.

— நீங்க எப்பக் கேட்டிய?

— சித்த இரு. இன்னொரு காபி சொல்றேன். இட்லி சாப்பிடறியா?

— இப்படித்தான் சார் நீங்க எல்லாத்தையும் கெடுக்கிய. சண்ட போட வந்தவனுக்கு இட்லி வாங்கிக் குடுத்தா அவன் எப்படிச் சண்ட போடுவான்?

— சண்டை போட்டு என்ன ஆகப்போறது? சொறிஞ்சது சொறிஞ்சாச்சு.

— சண்ட போட்டாத்தான் போகத் தெம்பு வரும்.

— எங்க போகப்போறே?

— நகுல் காலையில போன் பண்ணுனான்.

— யாருக்கு? குரூப்புக்கு லீடர் நான்.

— எனக்குத்தான். நாலு பேருக்கு ஹோட்டல்ல ஒத்துக்கிடலயாம். ஒரு ஆள் போதும்னுட்டாங்க. டென்சில் நீ மட்டும் வாறியான்னான். சரின்னுட்டேன்.

— சரின்னுட்டே.

— கையெழுத்தும் போட்டாச்சு சார். அதச் சொல்லத்தான் வந்தேன். நேரா சொல்ல வாய் வரல. தலையச் சொறிஞ்ச கதைய எடுத்து, நல்லாக் கத்தி, அந்தக் கோவத்துலயே சொல்லிட்டுப் போயிரலாம்னு பாத்தேன்.

— அப்போ இத்தனை நாழி என்னை வில்லனாக்கி, உன் துரோகத்துக்கு என்கிட்டயே ரசீது வாங்கப் பாத்திருக்கே. பேஷ். நன்னா இருக்கு.

— என்ன வேணும்னாலும் திட்டிக்கிடுங்க.

— திட்டலை. ஒரு சந்தேகம் கேக்கறேன். ஒத்தை சாக்ஸபோன் எப்படி ஜாஸ் ஆகும்? உனக்குப் பின்னாடி வாசிக்கப்போறது யாரு?

— ஸ்பீக்கரு. பியானோ, பாஸ், ட்ரம்ஸ் மூணும் ரெகார்ட் ஆயிருக்கு. அதப் போட்டுவிட்டு முன்னாடி நின்னு நான் ஊதணும்.

— கரோக்கி.

— அப்படிச் சொல்லாதிய.

— வேற எப்படிச் சொல்றது? உன் முகத்தைப் பாத்து வாசிக்க ஒரு மனுஷன் கிடையாது. நீ அழுதாலும் அது பாட்டுக்கு ஓடும், மயங்கி விழுந்தாலும் ஓடும். இதுக்கா இத்தனை வருஷம் ஜாஸ், ஜாஸ்னு எங்க பிராணனை வாங்கினே?

— ஓடட்டும். எவனும் என்னைய குறுக்க நிறுத்த மாட்டான்ல. அதுவும் நல்லா வாசிச்சிருக்கான் சார், எவனோ வெளிநாட்டுக்காரன். நகுல் போன்லயே போட்டுக் காட்டுனான். அந்தப் பியானோக்காரன் கொஞ்சமும் அலட்டிக்கிடல. ஒங்கள மாதிரி நானும் இருக்கேன், நானும் இருக்கேன்னு நடுவுல வந்து விழல. ட்ரம்ஸ்காரன் கடியாரம். அம்மாரு இன்னொரு பொறப்பு எடுத்து வந்தாலும் அப்படி வாசிக்கமாட்டான்.

— வெளிநாட்டுக்காரனா?

— கேட்டாலே தெரியுதே. பாஸ் கிட்டாரு என்னா சுத்தம். ஜோஸ்பினுக்குப் போட்டுக் காட்டணும்.

— டென்சில், அதுல முதல் பாட்டு முடியற எடத்துல ஒரு பிரஷர் குக்கர் விசில் கேக்கறதா?

— லேசா ஒண்ணு கேக்கு. அது ஏதோ ஸ்டைலுன்னு நெனச்சேன். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

— செம்பூர்ல ஜோஸ்பின் ஆத்துக்குப் பக்கத்து ஃபிளாட் குக்கர்.

— என்ன சொல்லுதிய?

— நேத்து டெஸ்டுக்கு வாசிச்சோமே, அதுக்கு முந்தின வாரம் நகுல் ஒரு ரெகார்டிங் கேட்டான், ஜோஸ்பின் ஆத்துலேயே வாசிச்சுக் குடுத்தோம். ஹோட்டல் லிஃப்ட்டுல போடறதுக்குன்னான். சாக்ஸபோன் வேண்டாம், லிஃப்ட்டுல பேசறவாளுக்குத் தொந்தரவா இருக்கும்னான். ட்ராக்கை யந்திரத்துல ஓடவிட்டு, தாளம் பிசகின எடத்தையெல்லாம் சரி பண்ணிட்டா போலிருக்கு. அதான் உனக்கு அம்மாரை அடையாளம் தெரியலை.

— மூணு பேரும் சேந்து போயி வாசிச்சிருக்கிய.

— ஆமாம்.

— எங்கிட்டச் சொல்லல.

— சொன்னா நீ வருத்தப்படுவேன்னு ஜோஸ்பின் சொன்னா. நானும் சரின்னுட்டேன்.

— ஜோஸ்பினா? எங்க தெருவுல பொறந்து வளந்த பிள்ள சார் அது. இவன ஊதச் சொன்னா கச்சேரி கெட்டுப்போகும்னு ஒங்களுக்கும் தோணிருக்கு. அதச் சொல்லுங்க.

— கெட்டுப்போகும்னு தோணலை. நீ இல்லாம ஒரு தடவை நிம்மதியா வாசிச்சுப் பாக்கலாம்னு தோணித்து. நன்னாத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

— நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தானே இப்பச் சொன்னேன்.

— இன்னொண்ணும் சொல்லிடறேன், அங்க போய் நின்னப்புறம் தெரிஞ்சா அவமானமாப் போயிடும். நீ ஊதற எடத்துக்கு அதுல ரெண்டு சுத்துதான் இருக்கு. அப்புறம் தானா பாட்டுக்குத் திரும்பிடும்.

— ரெண்டா?

— நகுல் போறும்னுட்டான்.

— அப்ப வெள்ளிக்கிழம நாம நாலு பேரும் சேந்துதான் வாசிக்கோம். சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு நான் மட்டும் வந்துருதேன் சார்.